கானாற்று ஓரத்துப் பனையெல்லாம் ஊதாப்பூக் கொடி ஏறிவிட்டது, என்ன செய்வது?

ஒடுகத்தூர்_மேற்கு:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினோம், கிரயம் முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. முன்பு வைத்திருந்தவர் வெளியூர்க்காரர். சின்னதாக ஒரு வீடு கட்டி, கேட் மேல் இரும்பு வளைவு போட்டு, அதில் அழகுக்கு ஒரு கொடி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். தடித்த பளபளப்பான இலை, எதிரெதிராக வருகிறது, நடு நரம்பு சிவந்திருக்கும். பூ வெளிர் ஊதா, உள்ளே கொஞ்சம் அடர்ந்த நிறம், ஐந்து இதழ். கிள்ளினால் எருக்குக்கு வருவது போலப் பால் வருகிறது. காய் இரண்டிரண்டாக, எதிரும் புதிருமாக விறைத்து நிற்கிறது, மூன்று பக்கமும் விளிம்பு தெரியும்.

பிரச்சினை கேட்டில் இல்லை. நிலத்துக்குப் பின்னால் கானாறு ஓடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. கானாற்றின் இரண்டு கரையிலும் இந்தக் கொடி புதர் புதராக நிற்கிறது, பனைமேல் ஏறி உச்சி வரைக்கும் போய்விட்டது, புங்கன், நாவல் எதையும் விடவில்லை. ஒரு பனையில் குருத்தே தெரியாத அளவுக்கு மூடிவிட்டது. நுங்கு வெட்ட வருகிறவர் பார்த்துவிட்டு, பால் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு என்று ஏற மறுத்துவிட்டார். 2021 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னால் கரையில் இவ்வளவு இல்லை, வண்டல் படிந்த இடமெல்லாம் அதற்கு அப்புறம்தான் முளைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

இது என்ன கொடி? வெட்டினால் போதுமா? காட்டுப் பக்கம் இருப்பதை நான் கை வைக்கலாமா? இன்னொன்று, வீட்டில் கேட் கொடி ரொம்பப் பிடித்துவிட்டது, பூ நன்றாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் விட்டு வைத்தால் என்ன ஆகும்?

---

இலைச்சருகு:

படம் போடாமலே தெரிகிறது. சிவந்த நடு நரம்பு, மூன்று விளிம்புள்ள ஜோடிக் காய், பால். இது ரப்பர் கொடி. தாவரவியல் பெயர் கிரிப்டோஸ்டீஜியா கிராண்டிஃபுளோரா. எருக்கு, அரளி இருக்கிற அதே குடும்பம். சொந்த ஊர் மடகாஸ்கர் தீவின் தென்மேற்கு, அங்கேயும் நம் ஊர் மாதிரி வறண்ட முட்காடுதான், அதனால் வேலூர் வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பூவுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே நம் நாட்டுத் தோட்டங்களுக்கு வந்துவிட்ட செடி, நேற்று வந்ததில்லை.

அது எப்படி ஏறுகிறது என்று கவனித்தீர்களா? பற்றுக்கம்பி கிடையாது, முள் கிடையாது. பக்கத்தில் மரம் இல்லாவிட்டால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே புதராக நிற்கும், அதிலிருந்து நீளநீளமாகச் சாட்டை போலக் கிளை நீட்டும். ஏதாவது தட்டுப்பட்டால் சுற்றிக்கொண்டு மேலே போகும், 30 மீட்டர் வரைக்கும் ஏறியதாகக் கணக்கு இருக்கிறது. மேலே போன பிறகு மரத்தின் உச்சியில் இலையைப் பரப்பி வெயிலை மறைத்துவிடும். மரத்திலிருந்து சத்தை உறிஞ்சுவதில்லை, சிலர் புல்லுருவி என்று நினைக்கிறார்கள், அது தப்பு. வெளிச்சத்தைப் பறிக்கிறது, எடையால் கிளையை ஒடிக்கிறது, அவ்வளவுதான், மரம் சாக அது போதும். பனைக்கு இது இரட்டைக் கஷ்டம். புங்கனில் ஒரு கிளை மூடினால் வேறு பக்கம் துளிர்விடும், பனைக்கு இருப்பது ஒரே குருத்து, அது மூடினால் மாற்றுக் கிடையாது. இதற்கு ஒரு உறவுக்காரக் கொடி உண்டு, அதுவும் மடகாஸ்கர்தான். அது பிரேசிலின் வடகிழக்கு வறண்ட காட்டில் போய், கார்னாபா என்கிற பனை இனத்தை இதே மாதிரி மூடிச் சாகடிக்கிறது. கார் பாலிஷுக்குப் போடுகிற மெழுகு அந்தப் பனை ஓலையில் இருந்து எடுப்பது, அதனால் அங்கே நிறையக் குடும்பங்களின் பிழைப்பே அதில் இருக்கிறது.

வெள்ளத்துக்கு அப்புறம் பெருகியது என்று ஊர்க்காரர்கள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பட்டு போன்ற மயிர்க்கற்றை. காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும், ஈர வண்டல் கிடைத்தால் முளைக்கும். உங்கள் கானாறு எதில் சேர்கிறது, உத்திரகாவேரியிலா? அப்படியென்றால் அகரம்சேரி, பாலாறு என்று வழி திறந்தே இருக்கிறது.

கேட் கொடியைப் பற்றிக் கேட்டீர்கள். கரையை நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அங்கிருந்து காய் வெடித்துத் திரும்ப வரும். முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

---

நர்சரி_சேண்பாக்கம்:

கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். நான் செடி விற்கிறவன், என் பக்கத்தையும் சொல்கிறேன். வாடிக்கையாளர் வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் கேட்காத கொடி, ஆடு கடிக்காத கொடி, வருஷம் பூராவும் பூக்கிற கொடி. வேலூர் வெயிலில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது நாலைந்துதான். ரப்பர் கொடி இப்போது யாரும் கேட்டு வாங்குவதில்லை, ஆனால் கொடி ரோஸ் (ரோஜா இல்லை, ஆன்டிகோனான் கொடி), காகிதப்பூ இரண்டும் லோடு லோடாகப் போகிறது. வெளிநாட்டுச் செடி என்றாலே வில்லன் என்றால் காகிதப்பூ பிரேசில், மிளகாய் மெக்சிகோ, தக்காளி அதே பக்கம். ரசமே வைக்க முடியாது சார்.

இவர் சொல்வது போல இந்தக் கொடி நூறு இருநூறு வருஷமாக இங்கே இருக்கிறது என்றால், ஜவ்வாது மலைக் காடு இன்னும் அப்படியேதானே நிற்கிறது? பத்துப் பனையில் ஏறியதற்குக் காடே அழிகிறது என்று எழுத வேண்டுமா?

---

இலைச்சருகு:

நர்சரி அண்ணாச்சி, வெளிநாடு என்பது குற்றமே இல்லை. மிளகாய்ச் செடி உங்கள் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய் மரத்தைச் சாய்த்ததா? காகிதப்பூவுக்கு நம் ஊரில் காயே பிடிப்பதில்லை, பதியம் போட்டால்தான் உண்டு, அது நாம் வைத்த இடத்தில் நிற்கும். எந்தச் செடி தானாக விதை போட்டு, தானாகப் பரவி, ஏற்கனவே இருக்கிறதைத் துரத்துகிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு. உள்நாடு வெளிநாடு கணக்கு பார்த்தால் நாமும் ஏற்றுமதி செய்திருக்கிறோம். சங்கப் பாட்டில் வருகிற குருக்கத்திக் கொடி மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டே, அதில் நம் குருக்கத்தி இருக்கிறது. வங்காளம் பக்கத்துத் தன்பெர்ஜியா, நீங்களும் விற்பீர்கள், பெரிய நீலப் பூ, அது வட குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் பூமிக்கடியில் பெரிய பெரிய கிழங்கு வைத்துக்கொண்டு மரத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

"இத்தனை வருஷம் இருந்ததே" என்பது எனக்கு ஒப்பவில்லை. வேலிகாத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 1870களின் கடைசியில் கடப்பைப் பக்கம் விதை வந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் அதை விறகுக்கு நல்லது என்று விதைத்துவிட்டார்கள். ஏரிக்கரை எல்லாம் அது மட்டுமே என்று ஆனது எப்போது? பல பத்தாண்டு சும்மா இருந்து, ஒரு வறட்சி, ஒரு வெள்ளம், மேய்ச்சல் மாறுவது, நிலம் தரிசாவது என்று ஏதோ ஒன்று நடந்த பிறகு தலை தூக்கும். கொடிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அடர்ந்த காட்டுக்கு நடுவில் அதற்கு வெளிச்சம் கிடைக்காது. ரோடு வெட்டின ஓரம், கானாற்றுக் கரை, மரம் வெட்டித் திறந்துவிட்ட இடம், அங்கேதான் பிடிக்கும். ஒடுகத்தூர்க்காரர் நிலம் சரியாக அந்த ஓரத்தில் இருக்கிறது.

கொடி ரோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்சிகோ செடி, கிழங்கில் இருந்து திரும்பத் திரும்ப வரும், விதை மிதக்கும். கரீபியனில் செயின்ட் யூஸ்டேஷியஸ் என்று ஒரு குட்டித் தீவு, அங்கே கணிசமான பகுதியை அது போர்த்தியிருக்கிறது. டவுனுக்குள் மாடி வீட்டுக்கு விற்பதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. அமிர்தி ரோட்டிலோ ஏலகிரியிலோ பண்ணை வீட்டுக்குக் கேட்டு வந்தால் வேறு ஏதாவது எடுத்துக் கொடுங்கள், அது போதும்.

---

டவுன்ஸ்வில்_காட்பாடியான்:

தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், இங்கே இந்தக் கொடி தெரியாதவர்களே கிடையாது. 1800களின் பிற்பகுதியில் சுரங்க ஊர்களில் வீட்டு முன்னால் அழகுக்கு வைத்தார்கள், சுரங்கம் மூடி ஊர் காலியானது, கொடி மட்டும் தங்கிவிட்டது. அப்புறம் ஆற்றோரமாகவே நகர்ந்து வடக்கு முழுக்கப் போய்விட்டது. ஏழு லட்சம் ஹெக்டேர் என்று ஒரு கணக்கு இங்கே அடிக்கடி சொல்வார்கள். பர்டெகின் ஆற்றுப் பக்கம் போனால் தூரத்தில் பச்சையாக ஒரு மேடு தெரியும், கிட்டப் போனால்தான் உள்ளே மரம் செத்து நிற்பது தெரியும்.

1999இல் நாட்டுக்கே ஆபத்தான களைகள் என்று 20 செடிகளுக்குப் பட்டியல் போட்டார்கள், அதில் இது இருக்கிறது, நம் ஊரில் பார்த்தீனியம், உன்னிச்செடி என்கிறோமே அவையும் இருக்கின்றன. அதே பட்டியலில் நம்ம ஊர்க் கருவேல மரமும் இருக்கிறது, நான் சொல்வது சீமைக்கருவேலத்தை இல்லை, ஏரியில் நிற்கிற அசல் கருவேலத்தை. நிழலுக்கும் தீவனத்துக்கும் கொண்டுவந்து நட்டார்கள், இப்போது புல்வெளியை எல்லாம் அது பிடித்துக்கொண்டது. எனக்கு இங்கே முதலில் அதைப் பார்த்தபோது ஊர் ஞாபகம்தான் வந்தது, பக்கத்தில் நின்ற பண்ணைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

இவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். வெட்டினார்கள், மருந்தடித்தார்கள், எதுவும் அந்தப் பரப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. மடகாஸ்கருக்கே ஆள் அனுப்பி, அங்கே இந்தக் கொடியைத் தாக்குகிற உயிரிகளைத் தேடினார்கள். இலையைத் தின்கிற ஒரு அந்துப்பூச்சியை 1988இல் விட்டார்கள். 1995இல் மரவாலியா என்கிற துருநோய்ப் பூஞ்சையை விட்டார்கள், அதுதான் வேலை செய்தது. இலைக்கு அடியில் மஞ்சள் பொடியாகப் பூக்கும், இலை கொட்டும், கொடி சாகாவிட்டாலும் பூ, காய் ரொம்பக் குறைந்துபோகும். கூடவே நெருப்பு. காய்ந்த புல் இருக்கிற இடத்தில் திட்டமிட்டு எரிப்பார்கள். ஆனால் கொடி ரொம்ப அடர்த்தியான இடத்தில் அடியில் புல்லே முளைக்காது, தீ உள்ளே போகவே போகாது. அதைப் பார்த்து நம் ஊரில் யாரும் நெருப்பு வைக்காதீர்கள், இங்கே அது ஆள்படை, தண்ணி லாரி, அனுமதி எல்லாம் வைத்துச் செய்வது.

---

மேய்ச்சல்_அணைக்கட்டு:

அண்ணா, நாங்கள் வெள்ளாடு வைத்திருக்கிறோம், அணைக்கட்டுப் பக்கம். இந்தக் கொடி எங்கள் ஓடையிலும் இருக்கிறது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், தின்னாது, அதனால்தான் சுற்றியிருக்கிற மற்ற செடி எல்லாம் தேய்ந்துபோய் இது மட்டும் கொழுத்து நிற்கிறது என்று எங்கள் மாமா சொல்வார். ஆனால் கோடையில் பசியில் இருக்கிற குட்டியை நம்ப முடியாது. வெட்டிப் போட்ட தழையை ஆடு மாடு போகிற வழியில் குவிக்காதீர்கள், வாடின தழை என்றால் அதுகளுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். கூலி ஆள் விட்டு வெட்டும்போது பால் வருகிற கொடியை எல்லாம் பிடுங்கிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் அப்படி ஒரு தடவை சுத்தம் செய்கிறேன் என்று வேலிப்பருத்தி, நன்னாரி எல்லாம் போய்விட்டது. எப்படிப் பிரித்துச் சொல்வது?

---

இலைச்சருகு:

நல்ல கேள்வி தங்கச்சி, இதை யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். ஆடு பற்றிச் சொன்னதும் சரி. இதில் இதயத்தைத் தாக்குகிற நஞ்சு இருக்கிறது, அரளியில் இருக்கிற வகை. குதிரைகள் இதைத் தின்று செத்திருப்பதாக ஆஸ்திரேலியாவில் பதிவு உண்டு.

வேலிப்பருத்தி இலை மென்மையாக, மயிர் மூடி, அடியில் நெஞ்சு வடிவத்தில் இருக்கும், காயில் மெத்தென்ற முள் இருக்கும். ரப்பர் கொடி இலையில் மயிரே இருக்காது, மெழுகு தேய்த்த பளபளப்பு. நன்னாரி ரொம்ப மெல்லிய தண்டு, இலையில் வெளிர் கோடு ஓடும், வேரைச் சுரண்டி முகர்ந்தால் சந்தேகமே வராது. சிறுகுறிஞ்சான் இலையை ஒன்று மென்றுவிட்டுச் சர்க்கரை வாயில் போட்டால் இனிப்புத் தெரியாது. ஆனால் இந்தச் சோதனையைத் தெரிந்த செடியில் மட்டும் செய்யுங்கள், தெரியாத பால்கொடியை மெல்லுகிற வேலையே வேண்டாம். ஆட்களுக்கு இதையெல்லாம் பாடம் எடுக்க முடியாது. ஒரு காய்ந்த ஜோடிக் காயையும் நாலு இலையையும் கையில் கொடுத்து, இது மாதிரி இருந்தால் மட்டும் வெட்டு என்று சொல்லுங்கள். தண்டு கட்டைவிரல் தடிமனுக்குக் கீழே இருந்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டவுன்ஸ்வில் தம்பி சொன்ன துருநோயை இங்கேயும் விடலாமே என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால்: நன்னாரி இந்தக் கொடிக்கு நெருங்கிய சொந்தம், ஒரே துணைக்குடும்பம். அங்கே அந்தப் பூஞ்சையைச் சோதித்தபோதே அந்த ஊர்ச் செடி ஒன்றும் சோதனைக்கூடத்தில் பாதிக்கப்பட்டது, அதைத் தெரிந்தேதான் விட்டார்கள். நன்னாரி சர்பத் குடிக்கிற ஊரில் அந்தக் கணக்கைப் பல வருஷம் போட்டுப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

---

ஒடுகத்தூர்_மேற்கு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கேட் கொடி விஷயம் வீட்டில் பேசியாயிற்று, மாற்றுக் கொடி என்ன என்று பதில் வந்தால்தான் வெட்டலாமாம். இதற்கிடையில் மச்சான் வந்து பார்த்துவிட்டு மூன்று யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, ஜேசிபி விட்டு ஒரே நாளில் கரையைச் சுரண்டிவிடலாம். இரண்டு, களைக்கொல்லி அடித்துவிடலாம். மூன்று, ரப்பர் கொடி என்றால் பாலில் ரப்பர் எடுக்கலாமே, வெட்டுவதற்குப் பதில் காசு பார்க்கலாமே என்கிறார். மூன்றாவதைக் கேட்டு நானே கொஞ்சம் ஆடிப்போனேன், உண்மையிலேயே முடியுமா?

---

பாலாறு_மணல்:

உங்கள் மச்சானுக்கு முன்னாலேயே அமெரிக்க அரசாங்கத்துக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. 1942இல் மலேயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்ததும் ரப்பர் வரத்து நின்றுபோனது. டயருக்கு வழியில்லை. ஹைட்டி நாட்டில் இந்தக் கொடியைப் பெரிய அளவில் பயிர் செய்யலாம் என்று ஒரு கம்பெனி மூலம் இறங்கினார்கள். விவசாயிகளின் நிலத்தை எடுத்து, நின்றிருந்த பழமரங்களைத் தள்ளி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். பால் வந்தது, நல்ல ரப்பர்தான், ஆனால் ரப்பர் மரத்தில் கீறிச் சிரட்டையைக் கட்டிவிட்டு வருவது மாதிரி இல்லை, ஒவ்வொரு சாட்டைக் கிளையின் நுனியையும் வெட்டிச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கூலி கட்டவில்லை. 1944இல் மூடிவிட்டார்கள். மரமும் போய் நிலமும் கெட்டு, அந்தக் கோபம் அங்கே ரொம்ப நாள் இருந்தது. வேலூரில் இன்றைய கூலிக்கு யார் சொட்டு சேர்ப்பது? மச்சானையே உட்காரச் சொல்லுங்கள்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். கரை மண்ணைக் கிளறிவிட்டால் அடுத்த வெள்ளத்தில் கரையே போகும், கிளறின மண்ணில் முதலில் முளைப்பது வேலிகாத்தானும் உன்னிச்செடியும்தான். ஒரு வியாதியை எடுத்து இன்னொன்றை வைத்த கதையாகும்.

களைக்கொல்லி கானாற்றில் அடித்தால் கீழே இருக்கிற கிணற்றுக்குத்தான் போகும். கிளைபோசேட் என்றால், 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர யாரும் அடிக்கக்கூடாது என்று அறிவித்துவிட்டது, கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

கையால் செய்வதுதான் வழி, உங்கள் அளவுக்கு அது முடியும். முதல் வேலை காய். பச்சையாக இருக்கும்போதே கைக்கு எட்டுவதை எல்லாம் அறுத்துச் சாக்கில் கட்டிவிடுங்கள், வெடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் பனைமேல் ஏறியிருக்கிற கொடியைக் கீழே இழுக்காதீர்கள், இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் காய்ந்த மட்டை தலையில் விழும், உள்ளே கதண்டு கூடு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிட்டால் மேலே இருப்பது தானே காய்ந்து காற்றில் உதிரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

அடிக்கட்டையை அப்படியே விட்டால் நாலு பக்கமும் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரை போட்டு வேர்க்கழுத்துக்குக் கீழே வரைக்கும் நெம்பி எடுக்க வேண்டும். சின்னக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம், ஐப்பசி மழைக்கு அப்புறம் வாகாக வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காய்ந்த கொடியைக் கையாளும்போது பறக்கிற தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், கண் இமை வீங்கும், வீசிங் இருக்கிறவர்களை அந்த வேலைக்கு விடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், காடு பக்கத்தில் இருக்கிறது.

ஒரு ஆறுதல், இதன் விதை மண்ணில் ரொம்ப காலம் உயிரோடு கிடக்காது, கருவேலம் மாதிரி இல்லை. புதுக் காய் விழாமல் பார்த்துக்கொண்டால் அடுத்தடுத்த மழைக்கு முளைக்கிறதைப் பிடுங்கியே தீர்க்கலாம். வேலையைக் கானாற்றின் மேல் பக்கத்தில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், கீழே ஆரம்பித்தால் தண்ணீர் திரும்பத் திரும்ப விதையைக் கொண்டுவந்து கொட்டும்.

---

வனஎல்லை_வேலூர்:

காட்டுப் பக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். கல் நட்டிருக்கிற எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கொடியைக்கூட நீங்களாக வெட்டாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று சொல்லலாம், ஆனால் காப்புக்காட்டுக்குள் அரிவாளோடு நிற்கிறவரைப் பார்த்தால் வனக் காவலருக்கு எண்ணம் தெரியாது, அதுவும் சந்தன மரத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், படம், கானாற்றின் பெயர், சர்வே எண் எல்லாம் வைத்து. தமிழ்நாடு அரசு 2022இல் ஊடுருவல் தாவரங்களுக்கு என்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். உன்னிச்செடி, சென்னா, சீமைக்கருவேலம் என்று பெரிய தலைகளுக்குத்தான் இப்போதைக்குப் பணமும் கவனமும் போகிறது, இந்தக் கொடியைப் பற்றி யாராவது மனு கொடுத்தால்தானே கணக்கில் வரும். பதில் வரவில்லை என்றால் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் ஒரு மனு போடுங்கள், அங்கே எல்லாத் துறையும் உட்கார்ந்திருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கியே ஆக வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கரையை வெட்டின பிறகு வெறுமையாக விடாதீர்கள். நீர்மருது, நாவல், புங்கன் கன்று கிடைக்கும், மூங்கிலும் வைக்கலாம், நிழல் விழுந்தால் இந்தக் கொடிக்குப் பாதி பலம் போய்விடும். வேலிக்குக் கிளுவைப் போத்து, உள் பக்கம் நொச்சி.

---

நர்சரி_சேண்பாக்கம்:

இலைச்சருகு சார் சொன்ன கொடி ரோஸ் விஷயம் தெரியாது, பண்ணை வீட்டுக்காரர்களிடம் இனிமேல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் டவுனுக்குள் விற்பதை நிறுத்த மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒடுகத்தூர் சார், கேட் வளைவுக்கு முல்லை வையுங்கள். வீட்டில் வாசனைக்கு ஒத்துக்கொள்வார்கள். முதல் கோடைக்குத் தண்ணீர் விட வேண்டும், அப்புறம் தாக்குப்பிடிக்கும். குருக்கத்தி கேட்டாலும் கன்று வாங்கிக் கொடுக்க முடியும், நம்ம ஊரில் அது நம்ம செடிதான், மொரீஷியஸுக்கு அனுப்பாமல் இருந்தால் சரி. செங்காந்தள் கேட்காதீர்கள், கிழங்கு விஷம், குழந்தைகள் இருக்கிற வீடு.

---

ஒடுகத்தூர்_மேற்கு:

முல்லைக்கு வீட்டில் சரி சொல்லியாயிற்று. குருக்கத்தியும் ஒன்று எடுத்து வையுங்கள். கேட் கொடியில் இப்போது காய் பச்சையாகத்தான் இருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை அதை முதலில் அறுத்துவிடுகிறோம். சாக்கில் கட்டின காயை அப்புறம் என்ன செய்வது? எருக்குழியில் போட்டால் முளைத்துவிடுமா?

---

பாலாறு_மணல்:

எருக்குழி வேண்டாம், சூடு சரியாக ஏறாவிட்டால் முளைத்துவிடும், அந்த எருவை நீங்களே நிலம் முழுக்கக் கொட்டுவீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கோடை முழுக்க வெட்டவெளியில் சிமெண்ட் தரையில் போட்டு வையுங்கள். உள்ளேயே வெந்து அழுகிவிடும். சணல் சாக்கில் கட்டி வைத்தால் காய் உள்ளே வெடித்து மயிரோடு விதை இடுக்கு வழியாக வந்துவிடும், அதனால் பிளாஸ்டிக் பைதான். பை கிழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், எலி கடிக்கும்.